ஒரு கோப்பையில் ஒரு நேர உணவு

நம்மவர் இல்லங்களிற் சோறே உணவு; ஏனையவை அதற்குத் துணை என்பது நெடுநாள் வழக்கு. கோப்பை நிறையச் சோறும் ஓரத்தே ஒரு கரண்டிக் கீரையும் உண்டு எழும் பிள்ளைகள் பலர். வயிறு நிறைகின்றது, உடல் வளர்தற்கு வேண்டிய சத்து நிறைகின்றதா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மீனும் முட்டையும் பல குடும்பங்களுக்கு எட்டாப் பொருள்களாயின. அப்பொழுது இவ்வினா தாய்மாரைப் பெரிதும் வாட்டிற்று.

விடை மரக்கறி உணவிலேயே உண்டு. தானியத்தின் புரதத்தில் லைசின் குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றிற் குறைந்த மெதியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்.

இதோ, நால்வருக்கு ஏற்ற முறை. அரைச் சுண்டு பயற்றை இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியிற் கட்டி, ஒரு நாள் முளைக்கவிடுக. பின்னர் நன்கு ஆவியில் அவித்தெடுக்க. பச்சை முளையில் நோய்க் கிருமிகள் இருத்தல் கூடும். ஒரு சுண்டு சாமையரிசியை இருமடங்கு நீரில் வேகவைத்து ஆறவிடுக. சாமை இல்லையேற் சிவப்பரிசிச் சோறும் ஆகும். கரட், வெள்ளரிக்காய், தக்காளிப்பழம், சின்ன வெங்காயம், நன்கு கழுவிய வல்லாரை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, யாவற்றையும் ஒன்றாகக் கலக்குக. தேங்காய்ப்பூ, வறுத்த கச்சான், மிளகுதூள், உப்பு சேர்த்து, இறுதியில் தேசிக்காய்ப் புளி விடுக.

தேசிக்காய் சுவைக்கு மட்டுமன்று. பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை; தேசிக்காயின் விற்றமின் சி அதற்கு உதவும். வெப்பம் அதனை அழிக்குமாதலாற் கலவை ஆறிய பின்னரே சேர்த்தல் வேண்டும். உண்டவுடன் தேநீர் அருந்தும் வழக்கமோ இப்பயனைக் கெடுப்பது. தேநீரை ஒரு மணி நேரம் கழித்து அருந்துக. இரத்தச்சோகைக்கு எளிதில் ஆளாகும் மாணவியர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்க.

பாலும் முட்டையும் அறவே நீக்கியோர்க்கு விற்றமின் பி12 இவ்வுணவாற் கிடையாது; அவர்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானியங்களுக்குரிய ஆண்டாகக் கொண்டாடிற்று. ஏழையின் உணவென நாம் ஒதுக்கிய சாமையும் வரகும் இன்று உலகின் மதிப்பைப் பெற்றுள்ளன. வாரத்தில் ஒரு நாளேனும் சோற்றுக் குவியலுக்குப் பதிலாக இக்கோப்பையைப் பிள்ளைகள் முன் வைப்போமாக. செலவு சிறிது, பயன் பெரிது.