தகவல் துளி: யூதத் திருமண விருந்து

யூதத் திருமண விருந்துக்குப் பட்டியல் போடும்போது முதலில் முடிவு செய்வது: இறைச்சியா, பாலா? கோஷர் எனும் உணவு விதிப்படி இரண்டும் ஒரே வேளையில் சேரக் கூடாது. பாத்திரங்களும் தனித்தனி. இறைச்சி விருந்து என்றால் பாலாடைக்கட்டி, பால் ஐஸ்கிரீம் எதற்கும் இடமில்லை. கேக்கில்கூட வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்தான். பன்றி, இறால், நண்டு அறவே கிடையாது. மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும். கீரையையும் பூச்சி இல்லையென்று இலை இலையாகப் பார்த்த பிறகே சமைப்பார்கள். இதையெல்லாம் கண்காணிக்க மஷ்கியா என்ற மேற்பார்வையாளர் சமையற்கூடத்திலேயே நிற்பார். கோஷர் முறையைக் கடைப்பிடிக்கும் யூத நண்பர் வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோவதானால், பெட்டியில் கோஷர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.