சீகை மரத்தை வெட்டுவதா, விடுவதா?

முடிச்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கொடைக்கானல் மேல்மலையில் மாமனார் வழியில் வந்த கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதன் ஓரமெல்லாம் சீகை மரம் மண்டிவிட்டது. 'அந்நிய மரம், உடனே வெட்டித் தள்ளுங்கள்' என்கிறார் ஒருவர். 'விறகுக்கும் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நடவும் அதை விட்டால் வேறு ஏது?' என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். யார் பேச்சைக் கேட்பது?"

கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிகிற சங்கதி இல்லை இது. அதனால்தான் தனிக் கட்டுரை.

முதலில் 'அந்நிய மரம்' என்ற பேச்சையே கொஞ்சம் ஓரம் கட்டுவோம். மேல்மலையில் விளையும் உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. காபி ஆப்பிரிக்கச் செடி. மிளகுக் கொடி ஏற்றுகிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். மிளகாய் இல்லாமல் நம் வீட்டில் ஒரு நாள் குழம்பு கொதிக்குமா? வெளியூரிலிருந்து வந்தது குற்றம் இல்லை. நட்ட இடத்தில் நிற்காமல் தானே பரவி, ஏற்கெனவே இருப்பதை அழுத்திக் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. சில்வர் ஓக் பெரும்பாலும் நட்ட இடத்தில் நிற்கிறது. சீகை நிற்பதில்லை.

இந்த மரங்கள் தானாக மலை ஏறி வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில், ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குக் குளிர்காய விறகு தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகையையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசே இவற்றைப் பெரிய அளவில் நட்டது. சீகைப் பட்டை தோல் பதனிட உதவும். அதுவரை நம் தோல் தொழில் ஆவாரம் பட்டையையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் சீகைப் பட்டையையும் நம்பியிருந்தது. தாம்பரத்திலிருந்து ரயிலில் போகும்போது மூக்கைப் பொத்திய காலம் பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தொழிலின் பசிக்கும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழ்த் தேவைக்கும் சேர்த்துத்தான் மலைமேல் மரம் நட்டார்கள். அன்றைய கணக்கில் அது நியாயமாகவே பட்டது.

கணக்கு தப்பியது புல்வெளியில். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் மடிப்புகளில் சோலைக்காடு இருக்கும், மேட்டுச் சரிவுகளில் புல் இருக்கும். அதுதான் அந்த மலையின் இயல்பு. மரம் இல்லாத இடம் தரிசு என்று நினைக்கும் பழக்கம் நமக்கு இன்றும் போகவில்லை. தோடர்களுக்கு அந்தப் புல் எருமையின் தீவனம். வரையாட்டுக்கும் அதுதான் மேய்ச்சல். குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பிடித்தவை மரத்தோட்டங்களும் விவசாய நிலங்களும்.

தரைக்காட்டு விவசாயிக்கு இதில் என்ன? தண்ணீர். ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டது, இன்னொன்றில் கற்பூர மரம் நட்டது. மரம் நட்ட பகுதியிலிருந்து ஓடிவந்த நீர் முதல் பத்தாண்டில் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி மறுதழைவு விட்ட அடுத்த பத்தாண்டில் குறைவு 25 சதவீதத்தையும் தாண்டியது. பவானி ஆற்றை நம்பி நெல்லும் மஞ்சளும் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிடலாமா? இங்கேதான் அவசரம் கூடாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் படவிட்டால், அல்லது தீ வைத்தால், அத்தனையும் ஒரே மழையில் முளைத்து எழும். இன்னொன்றும் உண்டு. கொடைக்கானல் பக்கம் பழைய சீகை, பைன் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்வதைப் பார்த்தவர்கள், அங்கெல்லாம் கோடரியைத் தூக்க வேண்டாம் என்கிறார்கள். எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது. புல்வெளி ஓரத்தில் புதிதாகப் பரவும் சீகையும், சோலைக் கன்றுக்குக் குடை பிடிக்கும் கிழட்டுச் சீகையும் ஒன்றல்ல.

முதுமலையில் பரவிய மஞ்சள் பூ மரமான சென்னா ஸ்பெக்டபிலிஸும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்து கிளை வெடிக்கும். தமிழக அரசு 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. வெட்டிய சென்னா மரம் கரூர் காகித ஆலைக்குக் கூழுக்குப் போகிறது. செலவைத் தாங்க அது நல்ல வழி. ஆனால் கூழுக்கு விலை இருக்கிறது என்று யாரும் புதிதாக நட்டுவிடக் கூடாது. முடிச்சூர் பக்கம் அடையாற்றங்கரையில் வேலிகாத்தானை வெட்டி விற்றவர்களுக்குத் தெரியும், காசு கொடுக்கும் மரத்தை யாரும் வேரோடு எடுப்பதில்லை.

இனி வாசகரின் நிலத்துக்கு வருவோம். பட்டா நிலம்தானே என்று கத்தி எடுக்காதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இல் இருந்தே இருக்கிறது, கொடைக்கானலுக்கும் அது பொருந்தும். முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, மாவட்டக் குழுவின் அனுமதி வாங்குங்கள். அனுமதி வந்ததும் அடர்த்தி குறைந்த ஓரத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போங்கள். செங்குத்துச் சரிவில் அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம், மண் சரிந்துவிடும். விறகும் குச்சியும் வெட்டிய மரத்திலிருந்தே சில வருடத்துக்குக் கிடைக்கும், பக்கத்து நிலத்துக்காரருக்கும் கொடுங்கள். குப்பையை அங்கேயே கொளுத்தாதீர்கள். மடிப்பான ஈர இடத்தில் நாவல் இனங்களையும் காட்டுச் செண்பகத்தையும் நடலாம். புல்மேட்டைப் புல்லாகவே விடுங்கள், இடையில் ஒன்றிரண்டு காட்டுப்பூவரசு நின்றால் போதும். அடுத்த மழையில் சீகைக் கன்று விரல் நீளம் எழும்போது, மண் ஈரமாக இருக்கையில், கையாலேயே பிடுங்கிவிடலாம். அந்த வேலை ஒரு வருடத்தோடு முடியாது. பத்து வருடத்துக்கு ஆள்கூலி ஒதுக்கிவைத்துவிட்டு முதல் மரத்தில் கை வையுங்கள்.