சதுர அடி ரேட்டில் எதெல்லாம் அடக்கம்?

வீடு கட்டப் போகிறீர்கள். இரண்டு, மூன்று கான்ட்ராக்டர்களிடம் விசாரித்திருப்பீர்கள். ஒருவர் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 2,500 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் அவரவர் ரேட்டுக்குள் என்னென்ன வேலை அடக்கம் என்று தெரியாமல் இந்த இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அந்த அடக்கத்துக்குத்தான் ஸ்கோப் (எந்த வேலை சேரும், எது சேராது என்ற வரம்பு) என்று பெயர்.

வீடு என்றால் எல்லாம் சேர்ந்ததுதானே? இல்லை. சதுர அடிக் கணக்கு பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடும். காம்பவுண்ட் சுவர், கேட், சம்ப் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், போர்வெல் எல்லாம் பல இடங்களில் தனிக் கணக்கு. 30-க்கு 40 மனையின் சுற்றளவு 140 அடி. கேட்டுக்குப் பத்து அடி விட்டாலும் 130 அடி நீளத்துக்குச் சுவர் வேண்டும். அதற்கும் அஸ்திவாரம், பூச்சு, பெயின்ட் உண்டு. இதைக் கடைசி மாதத்தில் கேட்டால் கையில் பணம் இருக்காது.

அளவு எடுப்பதிலும் சந்தேகம் வரும். போர்டிகோ, பால்கனி, மொட்டை மாடிப் படிக்கட்டு அறை ஆகியவற்றுக்கு முழு ரேட்டா, பாதி ரேட்டா? ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. மொத்தம் எத்தனை சதுர அடிக்குப் பணம் தரப் போகிறீர்கள் என்பதை வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டு எழுதி வாங்குங்கள்.

‘நல்ல டைல்ஸ்’, ‘தரமான கதவு’ என்று எழுதினால் போதுமா? போதாது. உங்களுக்கு நல்லது ஒன்று, அவருக்கு நல்லது வேறு. டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய் வரை என்று விலை போட்டு எழுத வேண்டும். பிறகு நீங்கள் கடையில் 80 ரூபாய் டைல்ஸைப் பிடித்துப் போனால், ஆயிரம் சதுர அடிக்கு 30,000 ரூபாய் கூடும் என்று அங்கேயே தெரிந்துவிடும். சிமென்ட், கம்பி, ஒயர் எந்த பிராண்டு, வாசல் கதவு எந்த மரம், எந்த அறையில் எத்தனை ஸ்விட்ச் பாயிண்ட் என்று ஒவ்வொன்றும் இப்படி வர வேண்டும். கட்டுமானத்துக்கான கரண்ட், தண்ணீர்ச் செலவு யாருடையது, பேஸ்மட்டம் சாலையிலிருந்து எத்தனை அடி உயரம், அதை நிரப்பும் மண் யார் பொறுப்பு என்பதையும் விடாதீர்கள்.

சேராத வேலைகளையும் எழுத வேண்டுமா? கட்டாயம் எழுத வேண்டும். என்னைக் கேட்டால், ஒப்பந்தத்தில் மிகவும் பயனுள்ள பக்கம் அதுதான். மாடுலர் கிச்சன், ஏசி, தோட்டம், பிளான் அப்ரூவல் கட்டணம் இவையெல்லாம் இதில் இல்லை என்று எழுதிவிட்டால், அந்தப் பணத்தை முதல் நாளே தனியாக ஒதுக்கிவிடலாம். வங்கிக் கடனுக்கு எஸ்டிமேட் கொடுக்கும்போதும் இது முக்கியம். எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்கு வங்கி பின்னால் பணம் தரும் என்று நம்பி இருக்க முடியாது.

வேலை தொடங்கிய பிறகு எதையுமே மாற்றக் கூடாதா? மாற்றலாம். எப்போது மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவு. ஜன்னலைச் சுவர் எழும் முன் நகர்த்தினால் வரைபடத்தில் ஒரு கோடு மாறும். பூச்சு முடிந்த பின் நகர்த்தினால் இடித்துக் கட்ட வேண்டும். வாஸ்து பார்ப்பவரை அஸ்திவாரம் தோண்டும் முன்பே அழைத்துவிடுங்கள். பின்னால் மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். தூணின் அளவையும் அஸ்திவாரத்தையும் இன்ஜினியர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். பிற்பாடு பலப்படுத்துவது பெரும் செலவு. அப்ரூவல் வாங்கிய பிளானிலிருந்து விலகுகிற மாற்றமானால், திருத்திய பிளானுக்கு அனுமதி தேவையா என்று முதலில் கேளுங்கள்.

பெரிய திட்டங்களும் இப்படி நடுவில் மாற்றியதில் அடிபட்டிருக்கின்றன. சிட்னி ஓபரா ஹவுஸ் வேலை, வரைபடங்கள் முழுமையாகும் முன்பே 1959-ல் தொடங்கியது. கூரை முடிவாகும் முன் எழுப்பிய தூண்கள் அதன் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ஓபராவுக்கும் கச்சேரிக்கும் பொதுவாகத் திட்டமிட்ட பெரிய அரங்கம் நடுவில் கச்சேரிக்கு மட்டும் என்று மாறியது. அதற்குள் பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்ற வேண்டியதாயிற்று. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட வேலை 1973-ல் முடிந்தபோது செலவு 10.2 கோடி டாலர்.

நம் வீடுகளில் மாற்றம் ஒரே நாளில் பெரிதாக வருவதில்லை. ‘மேஸ்திரி, இங்கே ஒரு லாஃப்ட் போட்டுடுங்க’ என்று மாமனார் சொல்வார். மறுநாள் கடப்பாக்கல் பலகை கேட்பார்கள். யாரும் விலை பேசியிருக்க மாட்டார்கள். கடைசி பில்லில் எல்லாம் ‘எக்ஸ்ட்ரா வேலை’ என்று சேர்ந்து வரும். மனஸ்தாபமும் கூடவே வரும். மேஸ்திரி மீதும் தப்பில்லை, சொன்னதைத்தான் செய்தார்.

இதைத் தடுக்க என்ன வழி? வீட்டில் ஒருவர் மட்டும் கான்ட்ராக்டரிடம் பேசட்டும். மற்றவர்கள் தங்கள் விருப்பத்தை அவரிடம் சொல்லட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன வேலை, எவ்வளவு பணம், எத்தனை நாள் கூடும் என்ற மூன்றையும் எழுதி, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்கினாலும் பேச்சுக்கு ஒரு பதிவு இருக்கும்.

இவ்வளவு கேட்டால் கான்ட்ராக்டர் கோபித்துக்கொள்வாரா? நேர்மையானவருக்கு இது பாதுகாப்பு. எழுதித் தர மறுப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பேசிய வேலையைச் செய்யாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே உங்களுக்குக் கை கொடுப்பது இந்த ஒப்பந்தத் தாள்தான். கையெழுத்தான ஒரு பிரதியை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.