மயிலாப்பூரில் பேசுவது விசா. வயலுக்கு வருவது வரி

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் பாதி அமெரிக்கா வந்து இறங்கிவிடும். கச்சேரி கேட்கவும், அப்பா அம்மாவைப் பார்க்கவும், தியாகராய நகரில் பட்டு எடுக்கவும் விடுப்பில் வருகிற பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இந்த நாட்களில் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்குப் போனாலும் சரி, சபா உணவகத்தில் காபிக்காக நின்றாலும் சரி, அடையாற்றில் காய்கறி வாங்கப் போனாலும் சரி, காதில் விழுவது டிரம்ப் பேச்சுதான். அதிலும் விசா பேச்சுதான் முதலில் வரும். புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள் அல்லவா, அந்தக் கலக்கம் இன்னும் தீரவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே இருக்கும்போது கவலை நியாயம்தான்.

விவசாயப் பக்கத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். அந்தப் பேச்சில் விசா முடிந்ததும் அடுத்ததாக வருவது மளிகை விலை. "முன்பு கொடுத்த காசுக்கு இப்போது பாதிப் பைகூட நிறைவதில்லை" என்று அங்கிருந்து வந்த மகளோ மருமகனோ சலித்துக்கொள்வார்கள். உங்கள் வயலுக்கும் அமெரிக்க அரசியலுக்கும் உள்ள தொடர்பு அந்தச் சலிப்பில்தான் இருக்கிறது.

2025இல் நடந்ததைப் பாருங்கள். இந்தியப் பொருட்களுக்கு ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடு வரி போட்டார்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக மொத்தம் 50. இந்த வரியைக் கட்டுவது நாம் அல்ல, அங்குள்ள இறக்குமதியாளர். அவர் அதில் ஒரு பகுதியைத் தன் ஊர் வாடிக்கையாளர் தலையில் வைப்பார், மறு பகுதிக்கு நம்மிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். நவம்பர் 4 அன்று நியூஜெர்சி, வர்ஜீனியா மாகாணங்களில் ஆளுநர் தேர்தல் நடந்தது. விலைவாசிதான் அங்கே பெரிய பேச்சு. இரண்டிலும் டிரம்பின் கட்சி தோற்றது. பத்தே நாளில், நவம்பர் 14 அன்று, காபி, தேயிலை, வாழைப்பழம், பல மசாலாப் பொருட்கள் ஆகியவற்றுக்கு வரிவிலக்கு உத்தரவு வந்தது. நீலகிரித் தேயிலைக்கும் ஈரோட்டு மஞ்சளுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது இப்படித்தான். நாம் போராடியோ டெல்லி பேசியோ வாங்கியதல்ல. அங்கே ஒரு குடும்பத் தலைவி காபிப் பொட்டலத்தின் விலையைப் பார்த்து முகம் சுளித்ததால் வந்தது.

அதே உத்தரவில் இறால் இல்லை. காபி அமெரிக்காவில் பெரிதாக விளைவதில்லை. அதற்கு வரி போட்டு அங்கே யாருக்கும் லாபமில்லை. இறாலுக்கோ லூசியானா கடற்கரையில் மீனவர்கள் இருக்கிறார்கள். இந்திய இறால் மலிவாக வந்து தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் ஓட்டு உண்டு. நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் வனாமி இறால் வளர்க்கிற நண்பர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் அடுத்த குஞ்சு விட வேண்டும். அமெரிக்காவில் விலைவாசி பற்றி எவ்வளவு கூச்சல் எழுந்தாலும் அது இறாலுக்கு உதவும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நமக்கு அதிகம் உறைப்பது பருத்தி. 2024-25இல் தமிழகத்தின் சரக்கு ஏற்றுமதியில் 31 விழுக்காடு அமெரிக்காவுக்குத்தான் போனது. நாட்டின் சராசரி 20. திருப்பூர் ஆடைகளுக்கு 50 விழுக்காடு வரி என்றதும் ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் கேட்ட முதல் நிவாரணங்களில் ஒன்று, வெளிநாட்டுப் பருத்திக்கு நாம் போடும் 11 விழுக்காடு இறக்குமதி வரியை நீக்குங்கள் என்பது. அவர்கள் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. தமிழகத்தில் விளையும் பருத்தி நம் நூற்பாலைகளுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். பஞ்சு மலிந்தால்தான் வரியோடு போட்டி போட முடியும் என்றார்கள். ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை விலக்கு தந்தது மத்திய அரசு. பிறகு அதை டிசம்பர் 31 வரை நீட்டியது. வட மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும் பருத்தி சந்தைக்கு வருகிற மாதங்கள் அவை.

இதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 7 அன்று, டெல்லியில் எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாடு நடந்தது. நடத்தியவர்களில் அடையாற்றைத் தாண்டி தரமணியில் இருக்கும் அவரது ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று. அந்த மேடையில்தான் விவசாயிகள், மீனவர்கள், பால் உற்பத்தியாளர்கள் நலனில் சமரசமே கிடையாது என்று பிரதமர் பேசினார். பால் விஷயத்தில் அந்த வார்த்தை இன்றுவரை நிற்கிறது. பருத்தி விவசாயி மட்டும் ஏன் அந்தக் கணக்கில் வரவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திருப்பூர் தொழிலாளியைக் காப்பாற்றுவது அவசியம்தான். அந்தச் செலவை ஆலைக்கு நேரடி உதவியாகத் தந்திருக்கலாம். பருத்தி விவசாயியின் பையிலிருந்து எடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அமெரிக்க அரசியலோடு நமக்குப் பழைய பந்தமும் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பள்ளி மதிய உணவில் வந்த அமெரிக்கப் பால் பவுடரும் கோதுமையும் நினைவிருக்கும். 1965இல் வியட்நாம் போர் பற்றி இந்தியா பேசியது பிடிக்காத ஜான்சன், கோதுமைக் கப்பல்களைச் சிறுகச் சிறுகத்தான் விட்டார். அன்று உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சி பக்கத்துச் சி.சுப்பிரமணியம். 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறங்கியதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம்.

இன்று நிலைமை தலைகீழ். அவர்களுக்குச் சரக்கு விற்க இடம் வேண்டும். சீனா பல மாதம் அமெரிக்க சோயாவை வாங்காமல் நிறுத்தியதில் அங்குள்ள விவசாயிகள் நொந்துபோனார்கள். 2025 டிசம்பர் 8 அன்று அவர்களுக்கு 1,200 கோடி டாலர் உதவி அறிவித்தார் டிரம்ப். அதே கூட்டத்தில் இந்திய அரிசி மலிவாகக் கொட்டப்படுகிறது என்று புகார் எழ, அதற்கும் வரி போடலாம் என்றார். நெல் விவசாயிகள் இதற்காகப் பதற வேண்டாம். அங்கே போவதில் பெரும்பகுதி பாசுமதி. நம் பொன்னி போவது பெரும்பாலும் மயிலாப்பூர்ப் பிள்ளைகள் வாங்கும் இந்தியக் கடைகளுக்கு.

மக்காச்சோளம் அப்படியல்ல. 140 கோடிப் பேர் இருந்தும் எங்கள் சோளத்தில் ஒரு மூட்டைகூட வாங்க மாட்டேன் என்கிறார்களே என்று அமெரிக்க வர்த்தக அமைச்சர் லட்னிக் 2025 செப்டம்பரில் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். அங்கே விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றுப் பயிர். வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2025 டிசம்பரிலும் டெல்லியில் நடந்தது. மலிவான சோளம் வந்தால் நாமக்கல் கோழிப்பண்ணைக்கு இனிக்கும். பெரம்பலூர், அரியலூர் விவசாயிக்குக் கசக்கும். 2025-26க்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று அறிவித்தது சரி. கொள்முதல் நிலையம் எங்கே என்பதுதான் கேள்வி. கிராம சபையிலும் குறைதீர் கூட்டத்திலும் வேளாண் அலுவலரிடம் இதை எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஓட்டு எங்கோ போடுகிறார்கள் என்றாலும் ஊர்ப்பாசம் நம்மை விடாது. கமலா ஹாரிசின் தாத்தா பி.வி.கோபாலன் பிறந்த ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். ஓய்வுக் காலத்தில் அவர் பெசன்ட் நகரில் இருந்தார். பேத்தி அவரோடு கடற்கரையில் நடந்ததைப் பல முறை சொல்லியிருக்கிறார். 2024 தேர்தலில் அவர் வெல்ல வேண்டும் என்று ஊர்க்கோயிலில் அபிஷேகம் நடந்தது. அவர் தோற்றார். வென்றவரின் வரி திருப்பூரைச் சுற்றிக்கொண்டு அதே மாவட்டத்து நெல் தரிசுப் பருத்தி வரைக்கும் வந்து நின்றது.

எனவே பருத்திக்காரர்கள் இறக்குமதி விலக்கைக் கவனியுங்கள். விலக்கு இல்லாவிட்டால் தை, மாசியில் பறிக்கும் விருதுநகர், பெரம்பலூர் மானாவாரிப் பருத்திக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும். மறுபடி விலக்கு தந்தால் வியாபாரி கேட்கும் விலை இறங்கும். அப்போது கைகொடுக்கக்கூடியது இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல்தான். 2025-26 பருவத்தில் ஆதரவு விலை நடுத்தர இழைக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110 ரூபாயாக இருந்தது. ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்குள் இருந்தால் முழு விலை. 12ஐத் தாண்டினால் வாங்கமாட்டார்கள். கபாஸ் கிசான் செயலியில் பதிவு வேண்டும். ஆதாரும் நில ஆவணமும் கையில் இருக்கட்டும். டெல்டாவில் சம்பா, தாளடி அறுத்துப் பருத்தி ஊன்றுவது மாசியில். விதை வாங்குவதற்கு முன்னால், விலக்கின் நிலை என்ன என்று தெரிந்துகொண்டு யோசியுங்கள்.