காற்றின் நிழல் எவ்வளவு நீளம்?

டீயை உடனே கலக்கிவிடாதீர்கள். சர்க்கரை அடியிலேயே கிடக்கட்டும். மேலாக ஒரு வாய் குடித்தால் சப்பென்றிருக்கும். கடைசி வாய் பாகாக இனிக்கும். ஸ்பூன் விட்டால்தான் மேலும் கீழும் ஒன்றாகும். காற்றாலைச் சங்கதியும் இந்த டம்ளருக்குள் இருக்கிறது.

காற்றின் வேகத்தைத் தின்றுதான் ஆலை மின்சாரம் தருகிறது. அதனால் அதன் பின்னால் வேகம் குறைந்த, சுழன்று கலங்கிய காற்று நீளமாகப் போகும். பொறியாளர்கள் ‘வேக்’ என்பார்கள். நாம் காற்று நிழல் என்போம். அதில் மாட்டும் அடுத்த ஆலைக்கு நஷ்டம் பெரிது. மிதமான காற்றில், வேகம் 10 சதவீதம் குறைந்தால் மின்சாரம் 27 சதவீதம் போய்விடும்; கணக்கு மும்மடியில் ஓடுகிறது.

டென்மார்க்குக்கு மேற்கே வட கடலில் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணை. 80 ஆலைகள், ரோட்டர் விட்டம் 80 மீட்டர், இடைவெளி 560 மீட்டர். 2008 பிப்ரவரி 12 அன்று வானிலிருந்து எடுத்த படத்தில், ஆலைகளின் பின்னால் வெள்ளை மூடுபனி வால் வாலாக நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நிழலைப் பனி காட்டிக்கொடுத்துவிட்டது.

நிழல் எப்போது கலையும்? சுற்றிலும் ஓடும் வேகக் காற்று உள்ளே கலக்கும்போது. தரையில் அந்த ஸ்பூன் வெயில்தான். பகலில் தரை சூடாகி, காற்று கொப்பளித்து மேலேறும். மேலே இருக்கும் வேகக் காற்று கீழே இறங்கும். இரவில் குளிர்ந்து கனத்த காற்று அடியில் படிந்துவிடும்; கலக்க ஆளில்லை, நிழல் நீளும். கடலில் இரவு பகலைவிட, நீர் சூடா காற்று சூடா என்பதே முக்கியம். குளிர்ந்த நீர்மேல் சூடான காற்று வந்தால் நிழல் பல கிலோமீட்டர் போகும்.

1983-இல் டென்மார்க்கின் என். ஓ. ஜென்சன் எளிய வழி சொன்னார்: நிழல் புனல்போல் நேர்கோட்டில் விரியும். எவ்வளவு விரியும் என்பதற்கு ஒரே எண். வழக்கில் தரைக்கு 0.075, கடலுக்கு 0.05. ஹார்ன்ஸ் ரெவ் அளவுகளை, உந்துகெழு (ஆலை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண்) 0.8 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 0.075-க்கு அடுத்த ஆலையில் வேக இழப்பு 13 சதவீதம்; 0.05-க்கு 19. மின்சார இழப்பில் அது 34-க்கும் 47-க்கும் உள்ள வித்தியாசம்.

அந்த ஒற்றை எண்ணுக்குள்தான் முழு வானிலையும் ஒளிந்திருக்கிறது. மதியம் 2 மணிக்கும் இரவு 2 மணிக்கும் அதையே போட்டால் இரண்டுமே தப்பும். அதனால்தான் இன்றைய மாதிரிகள் சில உயரத்துக்கு உயரம் வெப்பநிலையைக் கேட்கின்றன. முன் ஆலையின் முகத்தைச் சற்றே திருப்பி நிழலை விலக்கும் வித்தையும், கலக்காத காற்றில்தான் அதிகம் பலிக்கிறது.

சரி, டீ ஆறுகிறது. இப்போது கலக்குங்கள்.