ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும்

கோடும் கூலியும் – 14

போன வாரம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதை மறுபடி விளக்க வேண்டியதில்லை. இந்த வாரம் விலை சொல்வது பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு லோகோவுக்கு எவ்வளவு கேட்கலாம், மணிக்கணக்கா, மொத்தமா என்று கிராஃபிக் டிசைன் படிக்கிற பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு சந்தேகம் வந்து, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைச் சரிபார்க்கப் போனேன். அதைப் படித்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. பக்கம் இன்று இரவுக்குள் போயாக வேண்டும். ஆகவே இந்த வாரம் அந்தப் பிரிவுதான்.

ஒரு படைப்பின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்று அது தொடங்குகிறது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலத்துக்கு, எந்த ஊர் எல்லைக்குள், என்ன பணத்துக்கு என்பதெல்லாம் அதில் சொல்லியிருக்க வேண்டும். இதுவரை எந்த வக்கீலும் சொல்லிவிடுவார். என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குப் பின்னால் வரும் வரிகள். காலம் எழுதாமல் விட்டுவிட்டார்களா? ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். எல்லை எழுதாமல் விட்டுவிட்டார்களா? இந்தியாவுக்குள் மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவே இல்லையென்றால், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும்.

எவ்வளவு அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். படம் வரைகிறவர்கள் இப்படி எழுதாமல் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தே, விட்டுப்போன இடத்தை அவர்கள் பக்கம் நின்று சட்டம் நிரப்புகிறது. மூன்று நான்கு வருடம் நிறமும் எழுத்துருவும் கட்டமும் கற்றுக்கொள்ளும் மாணவர்களிடம், முதல் வேலையை வாங்குவதற்கு முன் இந்த ஒரு பிரிவையாவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சென்னையில் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு பெண், மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றுக்கு லேபிள் செய்து கொடுத்திருந்தாள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய். அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இரண்டு அளவு. செக்கு உலக்கையை ஒரே கோட்டில் சாய்த்து வரைந்து, கோடு முடிகிற இடத்தில் ஒரு சொட்டு. அவ்வளவுதான் லோகோ. அரை லிட்டர் பாட்டிலில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கியபோதும் அந்தச் சொட்டு தனியாகத் தெரிந்தது. ஜிபேயில் நாலாயிரம் ரூபாய் வந்தது. ஆவணம் என்று அவளிடம் இருந்தது வாட்ஸப் உரையாடல் மட்டும்: ‘கலர் கொஞ்சம் தூக்கலா’, ‘போன் நம்பர் பெருசா’, கடைசியில் ‘சூப்பர்மா’.

சில மாதம் கழித்துக் கடைக்காரர், திருத்தக்கூடிய மூலக் கோப்பான ஓப்பன் ஃபைலைக் கேட்டிருக்கிறார். அவருடைய மச்சான் அதே பெயரில் துபாயில் விற்கப் போகிறாராம். கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டு அவள் வந்தாள்.

“என்ன எழுதிக் கொடுத்திருக்கே?”

“எதுவும் எழுதலை சார். எழுதிக் கேட்டா நம்பிக்கை இல்லைன்னு அண்ணாச்சி தப்பா நினைச்சுக்குவாரோன்னு விட்டுட்டேன்.”

சட்டப்படி அவள் நிலைமை மோசமில்லை. சம்பளத்துக்கு இருந்து செய்த வேலை அல்ல என்பதால் அந்த வரைபடத்தின் முதல் உரிமையாளர் அவள்தான். எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை அவளிடமே இருக்கிறது. கடைக்காரர் பணம் கொடுத்துத் தன் பாட்டிலில் ஒட்டிக்கொள்வதற்கு அவள் சம்மதித்தாள் என்று சொல்லலாம். துபாயில் மச்சான் ஒட்டிக்கொள்வதற்குச் சம்மதித்தாள் என்று சொல்ல அந்த உரையாடலில் ஒரு வரியும் இல்லை. ஆனால் இதைச் சொல்லி அண்ணாச்சியோடு மல்லுக்கு நிற்பதில் யாருக்கும் லாபமில்லை. ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போகச் சொன்னேன்.

அந்தத் தாளை இரண்டு பேருமாக உட்கார்ந்து தயார் செய்தோம். வேலை: லோகோ ஒன்று, லேபிள் ஆறு. உரிமை: பாட்டில், பை, கடைப் பலகை, விளம்பரம், இணையம். காலம்: பத்து ஆண்டு. எல்லை: இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம். எழுத்துரு: முக்த மலர், திறந்த உரிமத்தில் வருவது, தனியாக வாங்க வேண்டியதில்லை. (இந்த வரியை மாணவர்கள் அநேகமாக எழுதுவதே இல்லை. யாரோ கொடுத்த எழுத்துருவைப் போட்டு லேபிள் செய்துவிட்டால், நாளைக்கு அதன் உரிமையாளர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் பாட்டிலை விற்கிற கடைக்காரர். அவரை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது.) கடைசியாக, வடிவமைத்தவர் இந்த வேலையைத் தன் போர்ட்ஃபோலியோவில் காட்டிக்கொள்ளலாம்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தாராம். ஒரே ஒரு இடத்தில்தான் விரல் நின்றது.

“பத்து வருஷம்னு போட்டிருக்கியே. அதுக்கப்புறம் கடைப் பேரை மாத்தவா நான்?”

நியாயமான கேள்வி. லேபிள் மாறும், லோகோ கடையோடு நிற்கும். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியது பொருந்தவில்லை. அவள் அங்கேயே யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறாள். “லோகோவை மட்டும் முழுசா உங்களுக்கே எழுதிக் குடுத்துடறேன் அண்ணாச்சி. அதுக்குத் தனியா ஒரு தொகை போடுறேன்.”

“அப்படிச் சொல்லு. இதை ஏன் முன்னமே கேக்கலை? எள்ளு மூட்டை வந்தாலே சீட்டு இல்லாம நான் இறக்க மாட்டேன்.”

கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். வியாபாரம் செய்கிறவர்கள் நாள் முழுக்கச் சீட்டோடும் ரசீதோடும் வாழ்கிறவர்கள். எழுத்து அவர்களுக்கு அவமரியாதை இல்லை. கூச்சம் நம் பக்கம் இருக்கிறது. கலை படித்தவர்கள் காகிதம் நீட்டினால் கௌரவக் குறைச்சல் என்று எப்போது வந்ததோ தெரியாது. எழும்பூர் ஓவியக் கல்லூரியே 1850-இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கி, இரண்டே வருடத்தில் அரசின் தொழிற்கலைப் பள்ளியாக ஆனது. மரவேலை, உலோக வேலை, மண்பாண்டம் என்று கடைக்குப் போகும் பொருள்களைச் செய்தே வளர்ந்த இடம் அது.

கரோலின் டேவிட்சனை இந்த இடத்தில் சொல்லாமல் நகர முடியாது. அமெரிக்காவில் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டிசைன் மாணவி. அங்கே கணக்கியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஃபில் நைட், ஜப்பானிலிருந்து ஓனிட்சுகா டைகர் காலணிகளை இறக்குமதி செய்து விற்றுவந்தார். ஆயில் பெயின்ட் வாங்கக் காசில்லை என்று அந்தப் பெண் யாரிடமோ சொல்வது அவர் காதில் விழுந்தது. மணிக்கு இரண்டு டாலருக்கு வேலை கொடுத்தார். முதலில் ஜப்பானியர்களுக்குக் காட்டுவதற்கான வரைபடங்கள், அட்டவணைகள். 1971-இல் அவர் சொந்தக் காலணி போடத் தீர்மானித்தபோது, பக்கவாட்டில் போட ஒரு அடையாளம் கேட்டார். ஓட்டம் தெரிய வேண்டும், அடிடாஸின் பட்டைபோல் இருக்கக் கூடாது. அவள் காலணிப் படத்தை வைத்து, அதன்மேல் மெல்லிய தாளைப் போட்டுப் போட்டு வரைந்தாள். ஷூவின் வளைவில் உட்காருமா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. இன்றைக்கும் லேபிள் வரைகிற பிள்ளைகள் பாட்டில்மேல் தாளைச் சுற்றிப் பார்க்கலாம். கொண்டுபோனவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நைட்டுக்கு அது அப்போது பெரிதாகப் பிடித்துவிடவில்லை. ஆனால் உற்பத்திக்கு நாள் நெருங்கிவிட்டது. அவள் கொடுத்த பில் 35 டாலர். பதினேழரை மணி நேரம்.

அதுதான் நைக்கியின் ஸ்வூஷ். 1980-இல் நைக்கி பங்குச் சந்தைக்கு வந்தது. 1983-இல் டேவிட்சனை அழைத்து விருந்து வைத்து, ஸ்வூஷ் வடிவில் வைரம் பதித்த மோதிரமும் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் 35 டாலரைச் சொல்லி உச்சுக் கொட்டுகிறார்கள். நான் அந்த பில்லைப் பார்க்கிறேன். படிக்கிற காலத்திலேயே ஒப்புக்கொண்ட கூலி இருந்தது, மணிக்கணக்கு வைத்திருந்தாள், பில் போட்டாள், பணம் வாங்கினாள். நம் மாணவர்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போகிறார்கள்? அந்தக் கணக்கில் மணி இருந்தது. அந்த அடையாளம் எங்கெங்கே, எத்தனை காலத்துக்குப் போகப் போகிறது என்பது இல்லை. கைவேலைக்கு ஒரு விலை, அதன் பயன்பாட்டுக்கு இன்னொரு விலை. இரண்டாவதை யாரும் எழுதவில்லை, அதனால் யாரும் விலை போடவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த மோதிரமும் பங்கும் நைட்டின் நல்ல மனசால் வந்தவை. எல்லாக் கடைக்காரரிடமும் அதை எதிர்பார்த்து ஒரு மாணவி தொழிலுக்கு வர முடியாது.

எல்லாம் எழுத்தில் இருந்த ஒரு நேர்மாறான உதாரணம் நம் பையிலேயே இருக்கிறது. ரூபாய்க் குறியீட்டுக்கு மத்திய அரசு 2009-இல் போட்டி அறிவித்தபோது, குறியீட்டில் என்ன இருக்க வேண்டும், பரிசு எவ்வளவு, வென்ற வடிவத்தின் உரிமை யாருக்கு என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமானவை. வென்றவர் நம் ஊர்க்காரரான உதயகுமார். மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். பரிசு இரண்டரை லட்சம், உரிமை அரசுக்கு. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு யூனிகோடிலும் இடம் கிடைத்தது. தொகை போதுமா என்று வாதாடலாம். என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது 17-ஆம் பிரிவு. பணி ஒப்பந்தத்தில் மட்டுமல்ல, தொழிற்பயிற்சியில் இருந்து செய்த வேலைக்கும், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர்தான். ஆகவே ஸ்டூடியோவில் சேரும் முதல் நாளே, இங்கே செய்வதை என் போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்று கேட்டு ஒரு மெயில் வாங்கிவிடுங்கள். அடுத்தது படம் வரைகிறவர்களுக்கும் கேமரா பிடிப்பவர்களுக்கும். ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன புகைப்படம், ஓவியம், உருவப்படம் ஆகியவை, மாற்றி எழுதிக்கொள்ளாதவரை, செய்யச் சொன்னவருக்கே சேரும். அங்கே மௌனம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகும் கைவிட்டுப் போகாத ஒன்றை 57-ஆம் பிரிவு வைத்திருக்கிறது: இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்திருந்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்த பாகங்களை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத ஆசை. ஆசிரியர் குழு அனுமதித்தால் எழுதுவேன்.

விலை அடுத்த வாரம், கட்டாயம். என்ன கொடுக்கிறோம் என்று எழுதாமல் எவ்வளவு என்று சொல்ல முடியாது என்பதால்தான் இந்தச் சுற்று. கூடவே, பில்லுக்குப் பணம் வந்து சேர எம்எஸ்எம்இ சட்டம் சிறுதொழில் செய்கிறவர்களுக்குத் தந்திருக்கும் 45 நாள் கெடுவையும் பார்ப்போம். உத்யம் பதிவு செய்துகொண்ட ஒரு ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கும் அது கிடைக்கும். கெடு தாண்டினால் வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. படிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள, கடைசியாகச் செய்த வேலைக்கு நீங்கள் கொடுத்த பில்லை எடுத்து வையுங்கள். பில்லே கொடுக்கவில்லையென்றால் அந்த வாட்ஸப் உரையாடலையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.