கடன் தீராத நர்ஸ் மேலே படிக்கலாமா?

"இந்த வார்டு வேலை போதும்டீ. எம்எஸ்சி சேர்ந்துட்டு டீச்சிங் பக்கம் போயிடலாம்." தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் தங்கும் விடுதிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்பவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பிஎஸ்சி நர்சிங் படிக்க வாங்கிய கடன் பாதிகூட அடைந்திருக்காது. இரவு எட்டு மணிக்கு ஏறிய டியூட்டி காலை எட்டுக்கு முடிய வேண்டும். மாற்று ஆள் வரவில்லை என்றால் பத்தாகிவிடும். அப்போதும் எந்தப் படுக்கைக்கு டிரிப் எத்தனை மணிக்குத் தீரும், யாருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று வரிசையாக ஒப்பித்து, ஹேண்டோவர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். இந்த நிலையில் கல்லூரி வகுப்பறை ஓய்வறை போலத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த வகுப்பறைக்கு விலை உண்டு. களைப்பைத் தீர்க்கும் மருந்து அதுதானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

'பர்ன் அவுட்' என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் விளக்கியது. அங்கே அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றே சொன்னது. சரிசெய்யப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தால் உடம்பில் தெம்பு வற்றிப்போகிறது, வேலைமேல் வெறுப்பும் ஒட்டாத்தன்மையும் வருகிறது, செய்வது எதுவும் உருப்படி இல்லை என்ற எண்ணம் வருகிறது. காரணம் பணியிடத்தில் இருக்கும்போது நர்ஸின் படிப்பில் குறை தேடுவது வீண். ஆள் பற்றாக்குறை உள்ள ஐசியூவிலிருந்து டயாலிசிஸ் பிரிவுக்கோ வேறு மருத்துவமனைக்கோ மாறினாலே பலருக்கு மூச்சு திரும்பிவிடும். தூக்கமின்மையும் காரணமில்லாத அழுகையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதற்குத் தேவை சிகிச்சை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் நாள் முழுவதும், கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது. நோயாளிகளுக்கு இந்த எண்ணைச் சொல்லும் நர்ஸ்கள் தங்களுக்காகவும் அதை அழைக்கலாம்.

இனி பணம். மாதம் 18,000 ரூபாய் சம்பளம், பழைய கடனில் 3 லட்சம் பாக்கி, வட்டி 10 சதவீதம், ஏழு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 4,980 ரூபாய் கட்ட வேண்டும். எம்எஸ்சிக்கு இன்னொரு 3 லட்சம் வாங்கினால், இரண்டு ஆண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டு அவகாசமும் முடியும்போது தனிவட்டி மட்டுமே 90,000 ஏறியிருக்கும். படிக்கிற இரண்டு ஆண்டுகளில் கைவிட்ட சம்பளம் 4,32,000. ஆக இந்தப் படிப்பின் உண்மையான விலை 8 லட்சத்தைத் தாண்டுகிறது. படித்து முடித்தபின் சம்பளம் 7,000 ரூபாய் கூடினாலும் அதைத் திரும்ப எடுக்கப் பத்து ஆண்டு பிடிக்கும். பழைய கடன் தவணையை அந்த இரண்டு ஆண்டும் யார் கட்டுவது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அப்பாவின் பெயர்தான் கடன் பத்திரத்தில் கூட்டுக் கடனாளியாக இருக்கும்.

அதற்காகப் படிப்பே வேண்டாம் என்றில்லை. கற்பிப்பதில் உள்ளபடியே ஆசை இருந்தால், நர்சிங் கல்லூரியில் பேராசிரியர் வரிசைக்குப் போக எம்எஸ்சி இல்லாமல் முடியாது. மாறாக அரசு மருத்துவமனை வேலைதான் குறி என்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் நர்ஸ் பணிக்கு டிப்ளமோவே போதும். அதற்காக எம்எஸ்சி கடன் வாங்குவது தேவையற்ற சுமை. தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை பராமரிப்பு போன்ற பிரிவுகளில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோக்கள் இருக்கின்றன. இழக்கும் சம்பளம் அவற்றில் பாதிதான். எதில் சேர்ந்தாலும், இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயரோடு அந்தக் குறிப்பிட்ட படிப்பும் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

வங்கியில் கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கான மத்திய அரசின் வட்டி மானியம் ஒருமுறைதான். பிஎஸ்சிக்கு வாங்கியவருக்கு எம்எஸ்சிக்குக் கிடைக்காது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டுத் திகைப்பவர்கள் ஏராளம். வேலை போய்விட்டாலோ சம்பளம் மிகக் குறைந்தாலோ தவணையைச் சிலகாலம் நிறுத்திவைக்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

பலரைக் கட்டிப்போடுவது கடனைவிட, வேலையில் சேரும்போது மருத்துவமனை எழுதி வாங்கும் 'பாண்ட்' என்ற ஒப்பந்தப் பத்திரம்தான். 2011-ல் மும்பையில் பணிபுரிந்த கேரள நர்ஸ் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவமனை சான்றிதழைத் திருப்பித் தராமல் பாண்ட் பணம் கேட்டதே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, பல நகரங்களில் நர்ஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரிகள் ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018-ல் அறிவித்தது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

சம்பளத்துக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட உத்தரவின்படி அமைந்த நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் மாநில அரசு நர்ஸுக்கு நிகராகவும், 50 படுக்கைக்குக் குறைந்தவைகூட 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரள நர்ஸ்கள் ஒன்றுகூடிப் போராடியதால் 2018-ல் அங்கே 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாகவே அறிவிக்கப்பட்டது. எம்எஸ்சி தரும் என்று எதிர்பார்க்கும் சம்பள உயர்வில் ஒரு பகுதி, இப்போதைய வேலைக்கே சேர வேண்டிய பாக்கியாக இருக்கலாம்.

சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன், வங்கியில் நிலுவைக் கணக்கு அறிக்கை வாங்கிவிட வேண்டும். அதே கல்லூரியில் சமீபத்தில் எம்எஸ்சி முடித்த இரண்டு மூன்று அக்காக்களைத் தேடிப்பிடித்து, இன்று கையில் வாங்கும் சம்பளத்தைக் கேட்க வேண்டும். கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் அந்தத் தொகை இருக்காது.